கூத்தாடி என்பது வசையா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் திரைப்படச் சீரழிவைப் பற்றிப் பேச மேடையேறுவோர்க்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. படமெடுத்துப் பணங்குவிப்போனின் பெயரைச் சொல்ல அவர்க்கு நா எழாது. காசு கொடுத்துக் கொட்டகையை நிரப்புவோரைக் கடியவும் மனம் வராது. எதிரே அமர்ந்து கைதட்டுவோர் அவர்களே ஆகலின். எனவே எறியும் முதற்கல் ஆடிய பெண்ணின்மேல் விழும். 'கூத்தாடி', 'வந்தேறி', 'நாடற்றவள்', 'மொழியற்றவள்' என்னும் நான்கு சொற்களும் அடுக்கி வரும். அவ்வடுக்கின் முன்னே நிறுத்தப்படும் பெயர்களுள் ஒன்று, இந்தித் திரையில் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் ஆடிய எலன் என்னும் அம்மையாருடையது. தமிழ்மானம் பேசும் மேடையிலேயே இது நிகழ்வது வெட்கத்திற்குரியது. அந்நான்கு சொற்களும் உண்மையில் எவரைச் சுடுகின்றன என்பதை அவ்வம்மையாரின் வாழ்க்கையை அறிந்தபின் காண்க.

எலன் 1938இல் இரங்கூனில் பிறந்தவர். தந்தை ஆங்கிலக் கலப்பினத்தவர். தாய் பர்மியப் பெண். அவர் பிறந்த இரங்கூன், 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படிப் பாதிக்கு மேல் இந்தியர் வாழ்ந்த நகர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், அரிசி ஆலையில் நெல்லவித்தவனும், வட்டிக்கடையில் ஐந்தொகை எழுதியவனும் எனத் தமிழர் பல்லாயிரவர் அங்கே இருந்தனர். 23-12-1941 அன்று சப்பானிய வானூர்திகள் அந்நகர்மேல் குண்டு பொழிந்தன. 1942 மார்ச்சில் நகர் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. ஏனையோர் அரக்கான் மலைவழியாகவும், தாமு வழியே மணிப்பூருக்கும், ஊக்காங் பள்ளத்தாக்கின் சேற்றுவழியே அசாமுக்கும் நடந்தனர். அவ்வாறு நடந்தோர் இலக்கக் கணக்கினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். வாந்திபேதியும் முறைக்காய்ச்சலும் கொன்றன, பசி கொன்றது, மழை கொன்றது. அந்நிலையிலும் ஆங்கில ஆட்சி நிறம் பார்க்கத் தவறவில்லை. வெள்ளையர்க்கும் கலப்பினத்தார்க்கும் ஒருவழி, கறுப்பர்க்கு வேறுவழி என்று பிரித்து, உணவும் ஊர்தியும் முன்னவர்க்கே மிகுத்துக் கொடுத்தனர் என்பது அந்நாளிலேயே எழுந்த குற்றச்சாட்டு.

அச்சாவுவழியில் எலன் என்னும் சிறுமியும் நடந்தார். தந்தை போரில் இறந்துபட்டார். தாயும் பிள்ளைகளும் 1943இல் அசாமின் திப்புருகார் வந்து சேர்ந்தபோது, உடன் புறப்பட்ட கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. வழிநெடுக ஊரார் இட்டதை உண்டனர்; ஆங்கிலப் படையினர் சிலர் ஊர்தி தந்து உதவியதும் உண்டு. (கறுப்புத் தோலுடைய தமிழச்சிக்கு அவ்வூர்தி நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி.) தாயின் வயிற்றிலிருந்த கரு வழியிலேயே சிதைந்தது. திப்புருகார் மருத்துவமனையில் இரண்டு மாதம் எலும்புந்தோலுமாகக் கிடந்து எழுந்து கல்கத்தா சென்றனர். அங்கே உடன்பிறந்தான் ஒருவன் அம்மை கண்டு மாண்டான். பின்னர்ப் பம்பாய். தாய் செவிலி வேலை செய்தார். அந்த ஊதியம் வயிற்றுக்குப் போதவில்லை. மகளின் பள்ளிப்படிப்பு நின்றது. குடும்பத்திற்கு அறிமுகமான குக்கூ என்னும் ஆடன்மகள், சிறுமியைத் திரைப்படக் குழுவாட்டத்தில் சேர்த்துவிட்டார். 1951இல் வந்த படங்களில் பத்தோடு பதினொன்றாய் நின்று ஆடிய எலனுக்கு அப்போது அகவை பன்னிரண்டோ பதின்மூன்றோ.

'நாடற்றவள்' என்று நகைப்போர் இதனைக் கேட்க. நாடு அற்றுப்போனது அவர் செய்த குற்றமன்று; இரண்டு வல்லரசுகள் முட்டிக்கொண்ட இடத்தில் அவர் பிறந்திருந்தார், அவ்வளவே. அதே வழியில், அதைவிடக் கொடிய நிலையில், தமிழரும் நடந்தனர். வெ. சாமிநாத சருமா நடந்தார். நடந்ததைப் 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதியும் வைத்தார். பெயர்தான் வடமொழிப் பெயர், உழைத்ததெல்லாம் தமிழுக்கு. அந்நூலைத் தொட்டுப் பார்த்த தமிழர் எத்துணையர்? எலன் ஆடிய ஆட்டம் எந்தப் படத்தில், எந்த உடையில் என்று ஒப்பிக்க வல்லவர் கடலூரில் தெருவுக்கு நால்வர் இருப்பர். தன் இனத்தார் பல்லாயிரவர் மடிந்த வழி எதுவென்று கேட்டால் அந்நால்வரும் விழிப்பர். 1962இல் படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட, 1964 முதல் மீண்டும் கப்பல் கப்பலாகத் தமிழர் வெறுங்கையராய்ச் சென்னையில் வந்திறங்கினரே, அவர்களை ஊரார் எவ்வாறு அழைத்தனர்? 'பர்மாக்காரன்' என்றனர். தாய்நாட்டிலும் வேற்றாளாய், பிழைத்த நாட்டிலும் வேற்றாளாய் நின்ற அவர்களுட் சிலர் மீண்டும் பர்மாவுக்கே நடக்க முயன்று, இயலாமல் மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச்சங்கமும் வைத்துள்ளனர். ஏதிலியை எள்ளும் வாய் நாளை இவர்களையும் எள்ளும், நேற்று எள்ளிற்று.

சிதம்பரத்தார்க்கு இதில் தனிக்கடனும் உண்டு. தமிழ்ப் புலவர் பலரை உருவாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் எழுந்தது. அதனை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பம் பர்மாவிலும் வட்டித்தொழில் நடத்திய குடும்பம். பர்மிய உழவனின் வயலும் அங்கே உழைத்த தமிழனின் வியர்வையும் ஈட்டிய பொருளில் ஒரு பங்கேனும் தில்லையில் கல்லாய் நின்று தமிழ் சொல்லிக்கொடுத்தது. தமிழிசைக்கென அப்பெருமகன் முன்னின்ற இயக்கம் சென்னையில் தமிழிசைச் சங்கமாக உருப்பெற்றதும் 1943இலேதான். எலன் திப்புருகார் மருத்துவமனையில் கிடந்த அதே ஆண்டு. இரங்கூன் பணத்திற் படித்துவிட்டு இரங்கூன் ஏதிலியை வந்தேறி என்பது எந்த நன்றியிற் சேர்ந்தது?

வந்தேறி என்னும் சொல்லுக்கு ஒரு பொருளுண்டு. வந்து, ஏறி, ஆள்பவனைக் குறிக்கும் சொல் அது. தில்லியிலிருந்து மொழியை ஏவுபவன், வந்த இடத்தில் வணிகத்தையும் ஆட்சியையும் வளைத்துக்கொள்பவன் எவனோ அவனுக்கு அச்சொல் பொருந்தும். பசித்து வந்தவளுக்கு அது பொருந்தாது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர் கரையேறிய இடம் என்று கடலூரார் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகின்றனர். அவ்வூர்ப் பெயரிலேயே அந்நிகழ்ச்சி நிற்கின்றது. அலை ஒதுக்கிய ஒருவரை ஊரார் எதிர்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு அழைத்துச் சென்ற நிலம் இது.

இனி அவர் ஆடிய ஆட்டத்திற்கு வருவோம். 'கேபரே' என்று இதழ்கள் எழுதுகின்றன. பிரெஞ்சுக்காரனுக்கு அச்சொல் முதலிற் குறித்தது கள்ளுக்கடையை. பின்னர் அங்கு நிகழும் ஆட்டத்துக்கும் ஆகிவந்தது. குடித்துக் களித்து ஆடுவதைத் தமிழன் அறியாதவனல்லன். ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு ஆடும் துறைக்குப் புறப்பொருள் நூலார் 'உண்டாட்டு' என்று பெயரிட்டனர். யவனர் கொணர்ந்த மதுவை மகளிர் ஊற்றித் தர மன்னன் அருந்தி மகிழ்ந்ததைப் புறநானூறு பாடுகின்றது. யவனரின் மதுச்சாடிகள் கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் மண்ணிலிருந்தே கிடைத்தன. சொல் இருந்தும் சொல்லைத் தொலைத்தான். அயலான் சொல்லைக் கடன் வாங்கினான். வாங்கிய பின் 'இஃது அயலார் இழிவு, தமிழர்க்கு இல்லாதது' என்று மூக்கைச் சுளிக்கின்றான். உண்டாட்டு என்று எழுதினால் இந்தப் பாசாங்கு நில்லாது. எனவேதான் 'கேபரே' அவனுக்கு வேண்டியிருக்கின்றது.

ஆட்டம் புதிதன்று. அதனை வைத்துத் திரைப்பட வணிகன் செய்த சூழ்ச்சியே புதிது. அதனைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கதைத் தலைவி கற்புடையவளாக, கோயில் மணியடிப்பவளாக, குனிந்த தலை நிமிராதவளாக இருக்க வேண்டும். ஆனால் கொட்டகைக்கு வருபவனின் கண்ணுக்குத் தீனியும் வேண்டும். இரண்டையும் ஒருத்தியிடம் வைத்தால் தலைவியின் கற்பு கெடும், வருவாயும் கெடும். ஆகவே அயலாள் ஒருத்தியைக் கொண்டுவந்து, தலைவியிடம் வைக்க அஞ்சிய அத்தனையையும் அவள் தலையில் ஏற்றினர். பெயரும் அதற்கேற்ப. 1958இல் வந்த 'ஔரா பிரிட்சு' என்னும் படத்தில் எலன் சீனத்துப் பெண்ணாய் ஆடினார்; அதன்பின்னரே நாடெங்கும் பெயர் பெற்றார். 1965இல் வந்த 'கும்நாம்' படத்தில் அவர் பெயர் கிட்டி. 1966இல் வந்த 'தீசுரி மஞ்சில்' படத்தில் உரூபி. 1971இல் வந்த 'காரவான்' படத்தில் மோனிகா. அயற்பெயர், பொன்னிறப் பொய்முடி, இறகு, கண்ணாடிக் கிண்ணம். உரூபி தலைவனுக்காகக் குண்டேற்றுச் சாகின்றாள். கிட்டி கழுத்து நெரிபட்டுச் சாகின்றாள். ஆடவைத்துக் காசு பார்த்தவன், படம் முடியுமுன் அவளைக் கொன்று அறமும் காத்துவிடுகின்றான்! ஒரே நுழைவுச்சீட்டில் காமமும் கிடைத்தது. காமத்தை ஒறுத்த பெருமையும் கிடைத்தது.

அவர் உடலென்று கொட்டகையார் வெறித்துப் பார்த்ததும் பெரும்பாலும் அவர் உடலன்று. உடல்முழுதும் தோல்நிற மெல்லுடை ஒன்றை அணிந்தே அவர் ஆடினார். பாடிய குரலும் அவருடையதன்று. முதலிற் கீதா தத்துவின் குரல், பின்னர்ப் பெரும்பாலும் ஆசா போசுலேயின் குரல். உடையில் மறைந்து, குரலில் மறைந்து, பெயரில் மறைந்து நின்ற ஒரு பெண்ணை 'வெட்கமற்றவள்' என்று தூற்றுகின்றனர். அவரிடம் இருந்தவை காலும் கையும் கண்ணும், பல்லாண்டு கற்ற பயிற்சியும். மணிப்புரி, கதக்கு, பரதம் மூன்றும் பயின்றவர் அவர். 500க்கு மேற்பட்ட படங்களில் ஆடியும், ஈட்டியதெல்லாம் கைவிட்டுப் போக, 1970களின் நடுவிற் கடனாளியாய் நின்றார். அவருக்கு வழிகாட்டிய குக்கூவோ, ஒருகாலத்தில் பம்பாய்த் திரையில் தலைமையாய் ஆடியவர், 1981இல் வறுமையில் இறந்தார். இவ்விருவர் ஆட்டத்தால் மாடி கட்டியோர் பெயர்களை எந்த மேடையும் வசைபாடுவதில்லை.

'அதெல்லாம் இருக்கட்டும், அவர் ஆடியது இந்திப் படத்தில் அன்றோ? இந்தி நுழைய அவர் கருவியானார் அன்றோ?' என்று தனித்தமிழன்பர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 27-1-1965 அன்று சிதம்பரத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற மாணவர் இராசேந்திரன் காவலர் குண்டுக்கு இரையானார். அந்தக் குருதி காய்ந்த சில ஆண்டுகளிலேயே இந்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்த இளைஞர் கூட்டம் இந்நாட்டில் உண்டா இல்லையா? எலன் ஆடிய 1975ஆம் ஆண்டின் 'சோலே' தமிழ்நாட்டிலும் ஓடிற்றா இல்லையா? சட்டத்தால் நுழைய முடியாத இந்தி, தாளத்தால் நுழைந்தது. உண்மை. ஆனால் அதனைக் கொண்டுவந்தவர் எலன் அல்லர். இந்தி அவர்க்குத் தாய்மொழியன்று. பம்பாய்க்கு வந்தபின் பிழைப்புக்காகக் கற்ற மொழி. சோற்றுக்காக இந்தியை வாயசைத்த ஏதிலியைவிட, சோறு செரிப்பதற்காக இந்திப் படம் பார்த்த தமிழன் அன்றோ குற்றவாளி? காலையிற் கறுப்புக்கொடி, மாலையிற் காட்சிக்கொட்டகை என்று வாழ்ந்தவன் எவன்? இராசேந்திரனைப் புதைத்த மண்ணிலிருந்து கேட்கத் தக்கது அந்தக் கேள்வியே. எளியதை விட்டு வலியதைக் கேட்க அஞ்சுவோர் ஆடுபவளின் மேல் பாய்கின்றனர்.

மேலும், கதவை உள்ளிருந்தே திறந்தவனும் தமிழ்ப் படமுதலாளியே. 1958இல் சிவாசி கணேசன் இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்' படத்தில் ஆடுவதற்கு எலனைச் சென்னைக்கு அழைத்தனர். தமிழ்நாட்டில் ஆடவல்ல பெண்கள் இல்லாமற்போன கரணியத்தால் அன்று. முன் சொன்ன அதே சூழ்ச்சிக்கு அயல்முகம் ஒன்று தேவைப்பட்ட கரணியத்தால். பின்னர் வழி பழகிப்போயிற்று. மாதம் ஒரு படம் பார்ப்பவனுக்கும் தெரியும்: தலைவி ஒருத்தி, 'ஆட்டத்துக்கு' வேறொருத்தி. ஆந்திரத்தின் எளிய குடும்பமொன்றிற் பிறந்து, படிப்பு நின்று, சென்னைக்கு வந்த ஒரு பெண்ணை 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்திற் சாராயக்கடைப் பெண்ணாக்கி, அக்கதைமாந்தரின் பெயரையே அவர் தலையிற் கட்டிவிட்டது தமிழ்த்திரை. 'சிலுக்கு' என்னும் அப்பெயரோடேயே 23-9-1996 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அகவை 35. அவர் உயிரோடிருந்தபோது அவர் ஆட்டத்தைக் காட்டிப் பெட்டிகளை விற்றவர்கள், இறந்தபின் இரங்கற்பா எழுதினர். இஃது இந்திக்காரன் செய்ததன்று.

பழந்தமிழர் இவ்வகையில் மாசற்றவர் என்று சொல்லவும் வழியில்லை. புகாரில் அரங்கேறிய மாதவிக்கு அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையும் தந்தான். அந்த மாலை தெருவில் விலைகூறப்பட, வாங்கியவன் கோவலன். கலைக்குத் தந்த சிறப்பே பெண்ணுக்கு விலையுமாயிற்று. இளங்கோவடிகள் அதனை மறைக்கவில்லை. ஆனால் அவர் மாதவியை இழிவாய் ஒரு சொல் கூறினாரா? அவள் ஆடிய பதினோராடலையும் முறைப்படுத்திச் சொன்னார். ஆடலாசானுக்கும் இசையாசானுக்கும் குழலோனுக்கும் இலக்கணம் வகுத்தார். அவள் வயிற்றிற் பிறந்த மணிமேகலையின் கையில் பசித்தவர்க்கெல்லாம் சோறிடும் கலத்தைக் கொடுத்தார் சாத்தனார். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கும் வீடும் தந்து, ஒவ்வொருத்தியின் பெயரையும் கல்லில் வெட்டினான். ஆயிரம் ஆண்டு கழித்தும் அப்பெயர்களைப் படிக்கலாம். இன்று வெளியான படத்தில் பின்வரிசையில் ஆடிய பெண்ணின் பெயரைப் படிக்க முடியுமா?

பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதற்காகப் போராடியது முழுக்க நேரியதே. அடிமைத்தனத்தைக் கலையென்று காக்க வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் நடந்ததைப் பார்க்க. ஆட்டத்தைப் பரம்பரையாய்க் காத்த குடிப்பெண்ணுக்கு 'கூத்தாடி' என்னும் வசை மட்டும் மிஞ்ச, அதே ஆட்டம் உயர்சாதி வீட்டுப் பெண்ணின் காலில் ஏறியவுடன் தூய கலையாயிற்று. 1981 முதல் மாசிச் சிவனிரவையொட்டித் தில்லைக் கோயிலில் ஆண்டுதோறும் ஆடல்விழா நடக்கின்றது. அதன் பெயரையும் 'நாட்டியாஞ்சலி' என்று வடமொழியிலேயே வைத்தனர். ஆடுவோரைத் தட்டிக்கொடுக்க அமைச்சர்களும் அறமன்ற நடுவர்களும் வருகின்றனர். நல்லதே. அங்கே ஆடினால் கலைச்செல்வி, பம்பாயில் வயிற்றுக்கு ஆடினால் கூத்தாடி என்னும் தீர்ப்பு எந்த நூலில் உள்ளது?

தில்லியும் காலந்தாழ்த்தே கண்விழித்தது. எலன் ஆடிய காலமெல்லாம் அவரைப் படத்தின் ஊறுகாயாகத் தொட்டுக்கொண்ட இந்தித் திரையுலகம், 1979இல் வந்த ஒரு படத்தில் அவர் ஆட்டத்தை விட்டு நடிப்பைக் காட்டிய பின்னரே துணைநடிகைக்கான பிலிம்பேர் பரிசைத் தந்தது. கதையாசிரியர் சலீம்கானை 1981இல் மணந்து, திரையைவிட்டு மெல்ல ஒதுங்கினார். அவர் வாழ்க்கையையும் ஆட்டத்தையும் ஆராய்ந்து செரி பிந்தோ என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2006இல் வந்தது. 2009இல் நடுவணரசு பதுமசிறீ என்னும் பட்டம் தந்தது. அப்போது அவர்க்கு அகவை எழுபது. தலைக்கோல் மாதவிக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் அகவையில்.

தில்லையின் நான்கு கோபுர வாயில்களிலும் நூற்றெட்டு ஆடற்கரணங்களைப் பெண்ணுருவங்கள் ஆடி நிற்கின்றன. காலைத் தலைக்குமேல் தூக்கியவள் உண்டு. இடை ஒடிய வளைந்தவள் உண்டு. உடையோ இக்காலத் திரையில் ஆடுவோரினும் குறைவு. கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும் அவ்வுருவங்களின் மேல் வடமொழிப் பாட்டைக் கிரந்த எழுத்தில் வெட்டியவன், ஆடிய தமிழ்ப்பெண் ஒருத்தியின் பெயரையும் வெட்டவில்லை. அந்த வாயில் வழியேதான் மேடைப் பேச்சாளரும் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றனர். எவரும் கண்ணைப் பொத்துவதில்லை. உள்ளே நிற்பவனுக்குத் தமிழன் இட்ட பெயர் கூத்தன்; ஆடவல்லான் என்றும் அழைத்தனர்; நெல்லளக்கும் மரக்காலுக்கும் பொன்னளக்கும் நிறைகல்லுக்கும் அப்பெயரையே இட்டுப் போற்றினர் சோழர். இனி எவரேனும் கூத்தாடி என்று கூவ விரும்பின், கீழவீதி மேடையைவிட்டு இறங்கி, அக்கோபுரத்தைக் கடந்து, பொன்னம்பலத்தின் எதிரே நின்று, தூக்கிய திருவடியைப் பார்த்து அச்சொல்லை முதலில் அங்கே கூறட்டும்.